காலையில் மட்டும் வரும் வயிற்று வலி

செங்கல்பட்டு அம்மா:
மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்குக் கிளம்பும்போது வரும் அந்த வயிற்று வலி இந்தப் பெற்றோர் குழுவில் பலருக்குத் தெரிந்ததுதான். காலை ஏழரைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. ஸ்கேன், பூச்சி மருந்து, தாயத்து எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் பொறுமை போய், தரதரவென்று இழுத்து வேனில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழாமல், "அம்மா, ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போ" என்றாள். எதிர்வீட்டு அண்ணன் பைக்கில் போய் இறந்து அப்போது மூன்று மாதம். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தோம். வலி வயிற்றிலேயே இல்லை. இப்போது கவுன்சலிங் போகிறோம், பரவாயில்லை. அந்த ஜன்னல் முகம்தான் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நாலாம் வகுப்பு டீச்சர்:
என் வகுப்பில் ஒரு பையன். வாலு என்றுதான் பேர். டிக்டேஷனில் மூன்றாவது வார்த்தையோடு நின்றுவிட்டான். ஏன் என்றால், "மிஸ், ஃபேன் சத்தம் மாறிடுச்சு" என்றான். டைரியில் 'கவனிப்பதில்லை' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். மதியம் காலி வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் கேட்டது, ஒரு இறக்கை டக் டக் என்று இடிப்பது. ஃபேன், காக்கா, பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு, என் குரல் எல்லாம் அவனுக்கு ஒரே அளவில் கேட்டிருக்கிறது. அந்த வரியை அவன் அப்பா படித்துவிட்டு என்ன செய்திருப்பாரோ.

கோவை தாத்தா:
என் பேரனையும் இப்படித்தான் சொன்னார்கள். போனை வாங்கி வைத்தோம், சாயந்திரம் கிரவுண்டுக்கு விட்டோம், அடங்கிவிட்டான். எல்லாவற்றுக்கும் மாத்திரை தேடாதீர்கள்.

இரட்டைச்சுழி அப்பா:
ஐயா, உங்கள் பேரனுக்குச் சரியானதில் சந்தோஷம். எங்கள் வீட்டில் போனே கொடுத்ததில்லை, என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, மிகையான துறுதுறுப்பு) இருக்கிறது. மருத்துவர்கள் சும்மா சொல்லிவிடுவதில்லை. 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிகிற விஷயமில்லை. ஆறு வயதுக்குக் கீழே என்றால் மாத்திரைக்கு முன்னால் பெற்றோருக்குத்தான் பயிற்சி. "குளி, யூனிஃபார்ம் போடு, பையை எடு" என்று சேர்த்துச் சொன்னால் என் மகன் குளியலறை வாசலிலேயே நின்றுவிடுவான். ஒவ்வொன்றாகச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

அப்புறம் முதலில் எழுதிய சகோதரிக்கு. வலி வயிற்றில்தான் இருக்கிறது. பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும், "சும்மா சொல்றே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லீவும் போட விடாதீர்கள். அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், மறுநாள் பயம் இன்னும் பெரிதாகும். அரை நாளாவது போகட்டும். செலவுக்கு யோசிப்பவர்கள் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

செங்கல்பட்டு அம்மா:
சும்மா சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை அண்ணா, எழுதியது அப்படி வந்துவிட்டது. லீவும் போடுவதில்லை. இப்போது வேறு ஒன்று. தினமும் என் ஹெல்மெட் பட்டையை அவளே மாட்டிவிடுகிறாள். டக் என்று சத்தம் கேட்டால்தான் வேனில் ஏறுவாள். நேற்று இரண்டு தடவை கழற்றி மாட்டினாள். இதை இப்படியே விடலாமா, மெல்ல நிறுத்த வேண்டுமா? வியாழக்கிழமை கவுன்சலரிடம் கேட்க வேண்டும்.