இறைச்சி ஏற்றுமதியில் நோய்த்தடையும் கப்பல் தாமதமும்: விளக்கம் தேவை

குழும உறவுகளுக்கு வணக்கம். வன்னியிலுள்ள கால்நடை வளர்ப்போருக்காக இறைச்சி ஏற்றுமதி பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். துறை அறிந்தோரின் உதவி வேண்டும்.

2025 ஜனவரியில் ஜேர்மனியின் பிராண்டன்பேர்க் மாநிலத்தில், 1988க்குப் பின் அந்நாட்டில் தலைகாட்டாதிருந்த கால்-வாய் நோய் (மாடு, பன்றி போன்ற பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளுக்குத் தொற்றும் கோமாரி) ஒரு நீரெருமைப் பட்டியில் கண்டறியப்பட்டதும், தென்கொரியா ஜேர்மன் பன்றியிறைச்சியை உடனே தடை செய்தது. நோயே அண்டாத பண்ணைகளும் அதில் அகப்பட்டன. வாயில் நுரை வடிய, குளம்பிடுக்கில் புண்ணோடு நொண்டும் மாட்டைப் பார்த்துப் பழகிய எமக்கு நோயின் கொடுமை தெரியும். சந்தை இப்படிச் சட்டென மூடப்படுவதுதான் புதிது.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீதான தாக்குதல்கள் தொடங்கியபின், பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றதால் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணம் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் நீண்டது. உறைய வைத்த இறைச்சி தாங்கும். உறையாமல் குளிரில் மட்டும் வைத்த இறைச்சியின் ஆயுளிலோ பெரும்பகுதி கடலிலேயே கழிந்துவிடலாம்.

கொள்கலன் நடுக்கடலில் இருக்கும்போது தடை வந்தால் நட்டம் யார் தலையில் விழும்? காப்புறுதி அதை ஈடுசெய்யுமா? நோய் கண்ட பகுதியை மட்டும் விலக்கி, மீதிப் பகுதிகளின் இறைச்சியை ஏற்கும் நாடுகள் எவை? கொழும்புத் துறைமுகத்திலோ வளைகுடாவிலோ குளிர்க்கொள்கலன்களோடு வேலை செய்வோரும் கால்நடை வைத்தியர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.