குளோன் இமேஜ் இறக்கிய லேப்டாப்களில் நீலத்திரை. பூட் ஆனவற்றில் வைஃபை, டச்பேட் இல்லை

கேள்வி

சாட்டா எஸ்எஸ்டி உள்ள 10ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 24எச்2 போட்டு, குளோன்சில்லாவில் இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து 15 லேப்டாப்களில் இறக்கியாயிற்று. எல்லாம் ஒரே மாடல், 12ஆம் தலைமுறை, என்விஎம்இ டிஸ்க். 12-இல் லோகோ வந்ததுமே நீலத்திரை: இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ். மீதி 3 பூட் ஆகின்றன, ஆனால் வைஃபையும் டச்பேடும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் கோட் 28. சிஸ்ப்ரெப் (இமேஜ் எடுக்கும் முன் அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) செய்யவில்லை. ஒரே மாடலில் ஏன் இந்த வித்தியாசம்?

பதில் 1

பயாஸைத் திறந்து பாருங்கள். அந்த 3-இல் விஎம்டி (என்விஎம்இ டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) ஆஃபாக இருக்கும், 12-இல் ஆனில் இருக்கும். விஎம்டி ஆனில் இருந்தால் என்விஎம்இ டிஸ்க் இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். அதற்கு ஆர்எஸ்டி என்ற இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டும். உங்கள் டெஸ்க்டாப்புக்கு அது தேவைப்படவில்லை, அதனால் இமேஜில் இல்லை.

உறுதிசெய்ய, விண்டோஸ் இன்ஸ்டால் யுஎஸ்பியில் பூட் செய்து ஷிப்ட்+எஃப்10 அழுத்துங்கள். டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் டிஸ்க் கொடுத்தால் யுஎஸ்பி மட்டும் ஒற்றை வரியாக வரும், உள்ளே இருக்கும் டிஸ்க் வராது. வந்தால் கோளாறு வேறு.

அவசரத்துக்கு விஎம்டியை ஆஃப் செய்யுங்கள். அப்படியும் அதே நீலத்திரை என்றால், ரெக்கவரி வழியாக ஒருமுறை சேஃப் மோடில் பூட் செய்து பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பதில் 2

ஆஃப் செய்வதோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு யாராவது பயாஸில் டீஃபால்ட் லோட் செய்தாலோ, மதர்போர்டு மாற்றினாலோ விஎம்டி மறுபடி ஆனாகும்; அதே நீலத்திரை வரும். டிரைவரை உள்ளே ஏற்றிவிடுங்கள்.

இன்டெல் தரும் செட்டப் ஆர்எஸ்டி கோப்பை அப்படியே காப்பி செய்தால் பயனில்லை. அதை இன்னொரு கம்ப்யூட்டரில் எக்ஸ்ட்ராக்ட்-டிரைவர்ஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் டிரைவரை நிறுவப் பயன்படும் ஐஎன்எஃப் கோப்புகள் தனியாகக் கிடைக்கும். அந்த ஃபோல்டரை யுஎஸ்பியில் வைத்து, மேலே சொன்ன கமாண்ட் திரையில் டிரைவ்லோடு (drvload) கமாண்டைக் கொண்டு விஎம்டி ஐஎன்எஃப்பை ஏற்றுங்கள். உடனே டிஸ்க் தெரியும். லிஸ்ட் வால்யூமில் விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அங்கே அது சி ஆகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அந்த எழுத்தை இமேஜ் என்று காட்டி, டிஸ்ம் (dism) கமாண்டின் ஆட்-டிரைவரை ரெக்கர்ஸ் ஆப்ஷனோடு ஓட்டி ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

பதில் 3

கோட் 28 என்றால் டிரைவரே இல்லை என்று பொருள். டச்பேட் டிரைவரை மட்டும் போட்டுப் பலன் இருக்காது. இந்த லேப்டாப்களில் டச்பேட் ஐ2சி என்ற உள் இணைப்பு வழியாக இணைந்திருக்கும், எனவே சிப்செட், சீரியல் ஐஓ டிரைவர்கள் முதலில் ஏற வேண்டும். கம்பெனி விண்டோஸ் அழியாத அதே மாடல் ஒன்று இருந்தால், அதில் பிஎன்பியூட்டில் (pnputil) கமாண்டில் எக்ஸ்போர்ட்-டிரைவர் கொடுத்து எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுங்கள். மற்றவற்றில் அதே கமாண்டை ஆட்-டிரைவர், சப்டிர்ஸ், இன்ஸ்டால் மூன்றோடும் சேர்த்து ஓட்டினால் வைஃபை உட்பட வந்துவிடும், நெட் தேவையில்லை.

சிஸ்ப்ரெப்பை விட்டதுதான் பெரிய தவறு. 15-க்கும் ஒரே எஸ்ஐடி (கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் விண்டோஸ் எண்). 2025 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, 24எச்2-வில் எஸ்ஐடி ஒன்றாக இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கிடையே ஷேர் ஃபோல்டர், ரிமோட் டெஸ்க்டாப் லாகின் மறுக்கப்படுகிறது. டெஸ்க்டாப்பில் ஜெனரலைஸ் ஆப்ஷனோடு சிஸ்ப்ரெப் ஓட்டி, ஷட்டவுன் ஆனதும் புதிதாக இமேஜ் எடுங்கள். சிஸ்ப்ரெப்புக்கு ஆன்சர் ஃபைல் (அமைப்புகளை எழுதும் கோப்பு) கொடுத்தால், அதில் பெர்சிஸ்ட் ஆல் டிவைஸ் இன்ஸ்டால்ஸ் (ஏறிய டிரைவர்களை அப்படியே வைத்திருக்கும் அமைப்பு) ட்ரூவாக இருக்கக் கூடாது, அது ஒரே ஹார்டுவேருக்கு மட்டும். சிஸ்ப்ரெப் பாதியில் நின்றால் சிஸ்டம்32-க்குள் சிஸ்ப்ரெப், அதற்குள் பான்தர் ஃபோல்டரில் செட்டப்ஆக்ட் லாக்கின் கடைசி வரிகளைப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு பயனருக்கு மட்டும் ஏறிய ஸ்டோர் ஆப்பின் பெயர் அங்கே இருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.