கல்கரியில வேண்டின ரேடார் டிடெக்டரை ஸ்காபரோவுக்குக் கொண்டு வரலாமோ?

கல்கரி_குளிர்:
எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருசம் கல்கரியில இருந்தாச்சு, வாற மாதக் கடைசியில குடும்பத்தோட ஸ்காபரோவுக்கு வாறம், மனிசியின்ர அக்கா வீடு அங்கதான். சாமான் எல்லாம் லொறியில போகுது, காரை மட்டும் நானே ஓடிக்கொண்டு வருவம் எண்டு யோசிச்சிருக்கிறன், ரெஜைனா, வினிபெக், தண்டர் பே, சட்பரி எண்டு நாலு நாள் ஓட்டம். விசயம் என்னெண்டா முன் கண்ணாடியில ரேடார் டிடெக்டர், பொலிஸ் ஸ்பீட் பிடிக்கிற ரேடார் கிட்ட இருந்தா முன்னாலயே கத்திக் காட்டுற சாமான், ஒண்டு ஒட்டிக் கிடக்கு, 600 டொலர் குடுத்து வேண்டினது. அல்பேர்ட்டாவில அது பிழையில்ல, பொலிஸுக்கு முன்னாலயே வைச்சுக்கொண்டு ஓடலாம். மச்சான் ஒருத்தர் சொல்லுறார் ஒன்ராறியோவில கண்டா பறிச்சுப்போடுவாங்கள் எண்டு. இன்னொருத்தர் சொல்லுறார் ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட் ஸ்பீட் கமெராவையே தூக்கிப்போட்டார், இனி உதை ஆர் பாக்கப் போறாங்கள் எண்டு. நான் கேக்கிறது இதுதான்: வயரைக் கழட்டி, பெட்டியில போட்டு, டிக்கியில உடுப்புக்குக் கீழ வைச்சுக்கொண்டு வந்தா பிரச்சினை இல்லைத்தானே? பாவிக்கிறேல்ல, சும்மா கொண்டு வாறன், அவ்வளவுதான்.

மார்க்கம்வாசி:
பிரச்சினை இருக்கு தம்பி. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் 79ஆம் பிரிவை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, அதில "பாவிச்சா குற்றம்" எண்டு இல்ல, அந்தச் சாமான் பூட்டியிருக்கிற, இல்லாட்டிக் கொண்டுபோற வாகனத்தை ரோட்டில ஓடினாலே குற்றம். ஓனில கிடந்தாலென்ன ஓஃபில கிடந்தாலென்ன, டிக்கியில கிடந்தாலென்ன. பொலிஸுக்கு நியாயமான சந்தேகம் வந்தாப் போதும், வாரண்ட் இல்லாமலே மறிச்சுத் தேடலாம், எடுத்துக்கொண்டும் போகலாம். குற்றம் எண்டு தீர்ப்பு வந்தாச் சாமான் திரும்பக் கிடையாது. தண்டம் எல்லாம் சேத்து 170 டொலர் சொச்சம், கோட்டுக்குப் போனா 1000 வரைக்கும் போகலாம், அதோட லைசென்ஸ் ரெக்கோர்டில 3 டீமெரிற் பொயின்ற், அதாவது குற்றப் புள்ளி. 170ஐக் கட்டிப்போடலாம், இன்சூரன்ஸ்காரன் ரெக்கோர்டைப் பாத்து ஏத்திற காசைத்தான் தாங்கேலாது, ஸ்காபரோ போஸ்டல் கோட்டுக்கு என்ன கேப்பாங்கள் எண்டு வந்து பாருங்கோ, அழுகை வரும்.

இன்னொண்டு, உங்களுக்கு ஒன்ராறியோ வரைக்கும் நேரமே இல்ல. மனிட்டோபாவிலயும் தடைதான். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், இந்த மூண்டு மாகாணத்திலதான் விட்டு வைச்சிருக்கிறாங்கள். மூசோமின் தாண்டி மனிட்டோபா எல்லைக்குள்ள கார் விட்ட நிமிசத்தில இருந்து நீங்கள் குற்றவாளி.

லொறிக்கார_அண்ணை:
மேல சொன்னது சரி. நான் 14 வருசமா லொறி ஓடுறன், எங்களுக்கு அமெரிக்காவுக்குள்ளயும் ஏலாது, அங்க காருக்கு வேர்ஜீனியாவிலயும் வொஷிங்டன் டிசியிலயும் மட்டும்தான் தடை, ஆனா மாநிலம் தாண்டி ஓடுற 10,000 இறாத்தலுக்கு மேலான லொறிக்கு நாடு முழுக்கத் தடை.

டிக்கியில ஒளிச்சா ஆருக்குத் தெரியும் எண்டு கேப்பீங்கள். ஓனில இருந்தாத் தெரியும். டிடெக்டர் எண்டது ஒரு ரேடியோ ரிசீவர்தானே, அது வேலை செய்யேக்க உள்ளுக்க இருந்து தானும் கொஞ்சம் சிக்னல் கசிய விடும், அந்தக் கசிவைப் பிடிக்கிறதுக்கெண்டே பொலிஸிட்ட ஒரு சாமான் இருக்கு. கசிவைக் குறைச்ச விலை கூடின மொடல்கள் வந்திருக்குதான், ஆனா நீங்கள் 600க்கு வேண்டினது எது எண்டு நீங்கள்தான் பாக்க வேணும். என்னோட வேலை செய்த பொடியன் ஒருத்தன் கெனோராவுக்குக் கிட்ட இரவு 11 மணிக்குப் பிடிபட்டவன், தன்ர காரிலதான். லைற்றைக் கண்டோன கழட்டி சீற்றுக்குக் கீழ போட்டிட்டான். பொலிஸ்காரர் வந்து ரோர்ச்சை முன் கண்ணாடியில அடிச்சார், ரப்பர் உறிஞ்சி ஒட்டின வட்டம் ரெண்டு, தூசிக்குள்ள வடிவாத் தெரியுது, அதோட லைட்டர் ஓட்டையில வயர் வேற தொங்குது. "எங்க தம்பி மிச்சம்" எண்டு கேட்டாராம், வேறொண்டும் கேக்கேல்லையாம். அதால கழட்டி வித்தாலும் கண்ணாடியை ஒருக்கா விண்டெக்ஸ் போட்டு நல்லாத் துடைச்சிட்டு வாங்கோ.

பிரியோசனமும் முந்தின மாதிரி இல்ல. இப்ப பாதிப் பேர் லேசர்தான் பிடிக்கிறாங்கள், அது டிடெக்டர் கத்தேக்க உங்கட ஸ்பீட் ஏற்கெனவே அவற்ற கையில இருக்கும். மிச்ச நேரம் பக்கத்துக் காரின்ர பிளைண்ட் ஸ்பொட் சென்சருக்கும் சூப்பர்மார்க்கெற் வாசல் கதவுக்கும் கத்திக்கொண்டிருக்கும். மனிசருக்கு விசர் பிடிக்கும்.

சென்னை_பையன்:
பாஸ், டிடெக்டர் விஷயம் அண்ணன்மார் சொல்லிட்டாங்க. நான் கேமரா மேட்டருக்கு வரேன். ஸ்பீட் கேமராவுக்கு ஆப்பு வச்சது 2025 நவம்பர் 14ல இருந்து, ஒன்டாரியோ முழுக்க. ரெட் லைட் கேமரா அப்படியே இருக்கு, அதுக்கும் சேர்த்து சந்தோஷப்பட்டுடாதீங்க. பழைய ஸ்பீட் கேமரா டிக்கெட்டும் கட்டித்தான் ஆகணும். ஆனா போனது நல்லதுதான்னு நான் சொல்வேன். எங்க ஏரியால ரோடு நாலு லேன், நேரா கிரிக்கெட் பிட்ச் மாதிரி போகும், திடீர்னு லிமிட் 40. எனக்கு ஒரே மாசத்துல மூணு டிக்கெட், மூணும் அதே கேமரா, முதல் லெட்டர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மிச்ச ரெண்டும் ஆயிடுச்சு. பாயிண்ட் கிடையாது, லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது, யார் ஓட்டினாங்கன்னு கூட கேக்க மாட்டாங்க, வண்டி ஓனர் பணத்தைக் கட்டுன்னு மட்டும் வரும். அப்புறம் அத வசூல்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

வெள்ளவத்தை_வசந்தி:
தம்பி சென்னை, உங்கட கோவம் விளங்குது, ஆனா கேளுங்கோ. நான் ஸ்காபரோவில ஒரு பள்ளிக்கூட வாசலில ஸ்ரொப் பலகையோட நிக்கிற ஆள், காலமை, மத்தியானம், பின்னேரம். எங்கட ரோட்டில ரெண்டு வருசத்துக்கு மேல அந்தக் கமெராப் பெட்டி நிண்டது. முதல் மாதம் எல்லாரும் பெட்டிக்குக் கிட்ட வந்து சடாரெண்டு பிரேக் அடிச்சு, தாண்டின உடன இழுத்துக்கொண்டு போவினம், அது உண்மைதான். ஆனா பேந்து ஆக்களுக்குப் பழகிப்போச்சு, சந்தியில இருந்தே மெல்லமா வரத் தொடங்கிச்சினம். இப்ப பெட்டி நிண்ட இடத்தில காய்ஞ்ச புல்லுச் சதுரம் ஒண்டுதான் கிடக்கு, போன கிழமை ஒரு கறுப்பு எஸ்யூவி நான் பலகையைத் தூக்கினாப் பிறகும் நிக்காமப் போனது, அஞ்சு வயசுப் பிள்ளையின்ர பாக் வாரைப் பிடிச்சு இழுத்தனான், என்ர கை இன்னும் நோகுது. சிக்கிட்ஸ் ஆஸ்பத்திரியும் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் யூனிவேர்சிற்றியும் 250 பள்ளிக்கூடப் பக்கம் பாத்திட்டு 2025 யூலையில சொன்னவை, கமெரா வைச்ச இடங்களில லிமிட் தாண்டி ஓடுறவை 45 வீதம் குறைஞ்சதெண்டு. மூண்டு டிக்கெற் வந்தது அநியாயம்தான் தம்பி, ஆனா நாலாவது வந்ததோ?

சென்னை_பையன்:
வரல அக்கா. 😅 ஒத்துக்கறேன். ஆனா லெட்டர் முன்னாடியே வந்திருந்தா ரெண்டாவதும் வந்திருக்காது, நான் சொல்றது அத. அதோட ஒரு கூத்து, கேமராவுக்கு முன்னாடியே "இங்க கேமரா இருக்கு"ன்னு போர்டு வச்சிருந்தாங்க, அதயும் மீறித்தான் நான் மாட்டினேன், டிடெக்டர் இருந்தா மட்டும் கிழிச்சிருப்பேனா.

மார்க்கம்வாசி:
இந்தச் சண்டை புதுசில்ல. 1994இல ஒன்ராறியோவில பொப் ரே அரசாங்கம் ஃபோட்டோ ரேடார் எண்டு ஸ்பீட் கமெராவைக் கொண்டு வந்தது, 95இல மைக் ஹரிஸ் முதல்வரா வந்து எடுத்தார், 2020இல ரொறன்ரோ பள்ளிக்கூடப் பக்கங்களில திரும்ப டிக்கெற் அடிக்கத் தொடங்கிச்சு, இப்ப ஃபோர்ட் எடுத்திட்டார். இடையில சனம் தானே இறங்கி வெட்டியும் பாத்தது, ரொறன்ரோ பார்க்சைட் டிரைவ் ரோட்டுக் கமெராவைத் திரும்பத் திரும்ப அறுத்தவங்கள், ஒருக்கா ஹை பார்க் வாத்துக் குளத்துக்குள்ள கிடந்து எடுத்தது. கல்கரித் தம்பிக்கு இதில முக்கியம் என்னெண்டா, கமெரா போனது எண்டு பொலிஸ் போகேல்ல. லிமிட் 80க்குக் குறைஞ்ச ரோட்டில 40 கூட ஓடினா ஸ்ரண்ட் டிரைவிங் எண்ட பெரிய குற்றம், அந்த இடத்திலயே 30 நாள் லைசென்ஸ் இல்ல, கார் 14 நாள் இல்ல. கமெரா ஒருநாளும் உங்கட காரைத் தூக்கிக்கொண்டு போகேல்ல.

ஈஸ்ட்ஹாம்_ரவி:
லண்டனில இருந்து ஒரு சின்னக் குறிப்பு. இஞ்ச டிடெக்டர் வைச்சிருக்கலாம், 1998இல ஹை கோர்ட்டே சொன்னது. ஆனா பாரிஸில எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்குச் சாமான் வேண்டக் காரில போறவை கவனம், ஃபிரான்ஸில 1500 யூரோ வரைக்கும் தண்டம், ஃபிரெஞ்சு லைசென்ஸெண்டா 6 பொயின்ற் போகும், சாமானும் போகும். சுவிஸ் அதைவிட மோசம், கமெரா காட்டுற ஃபோன் அப்புக்கே அங்க தடை.

கல்கரி_குளிர்:
எல்லாருக்கும் நன்றி. பொலிஸ் நிக்கிற இடத்தை மற்ற ஓட்டுனர்மார் சொல்லிக் காட்டுற வேஸ் எண்ட ஃபோன் அப்பையே போட்டுக்கொண்டு வாறன், ஒன்ராறியோவில அதுக்கு ஒண்டும் சொல்லமாட்டாங்கள் எண்டு மார்க்கம் அண்ணை தனி மெசேஜில சொன்னவர், ஃபோன் மட்டும் கையில இருக்கக் கூடாதாம். டிடெக்டரை இஞ்சயே வேலை இடத்தில ஒரு பொடியனுக்கு 350க்குத் தள்ளிவிட்டன், ஒன்ராறியோவில கடை வைச்சு விக்கிறதே தடையெண்டா அங்க ஆர் வேண்டப் போறாங்கள். மனிசி பாத்திட்டுச் சொல்லுறா, அந்த 250ஐ ஏழு வருசம் மெல்லமா ஓடிச் சேத்திருக்கலாமாம். கண்ணாடி துடைச்சாச்சு அண்ணை, வட்டம் ஒண்டு இன்னும் போகுதில்ல.

லொறிக்கார_அண்ணை:
வினாகிரி போட்டுத் தேயுங்கோ.