மறு: கீசருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பற்றிய பயணக் கட்டுரைக்காக, நிலத்தடியிலிருந்து விட்டுவிட்டு நீர் மேலெழும் கீசருக்குத் தமிழில் என்ன சொல் என்று நண்பர் கேட்ட கேள்வி எங்கெங்கோ போய்விட்டது. கீசருக்கே திரும்புகிறேன். இதுவரை வந்த பரிந்துரைகள்: வெந்நீர் ஊற்று, கொதிநீர் ஊற்று, பீச்சூற்று, சீறூற்று. கீசர் என்றே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். விடலாம்தான். ஆனால் நம் ஊரில் கீசர் என்றால் குளியலறைச் சுவரில் மாட்டியிருப்பது. 'அங்கே சுமார் 500 கீசர்கள் இருக்கின்றன' என்று எழுதினால், ஏதோ பெரிய லாட்ஜ் போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஐஸ்லாந்தில் கெய்சிர் என்பது ஒரே ஒரு ஊற்றின் பெயர். அதுதான் உலகத்துக்கே பொதுப்பெயராகி, கடைசியில் நம் குளியலறை வரை வந்து சேர்ந்தது.

> கொதிநீர் ஊற்று என்றாலே போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். யெல்லோஸ்டோனில் நிலத்தடிச் சூட்டால் உண்டான ஊற்று, சேற்றுக்குழி, ஆவித்துளை எல்லாம் சேர்த்து 10,000-க்கு மேல் இருக்கின்றன. கீசர்கள் அதில் சிறு பங்குதான். நண்பர் அனுப்பிய படத்தில் நடுவில் நீலமும் ஓரத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கிறதே, கிராண்ட் பிரிஸ்மாட்டிக், அதுதான் வெந்நீர் ஊற்று. 100 மீட்டர் அகலம் இருந்தும் அது ஒருநாளும் எழும்பாது. ஓரத்து நிறங்கள் சூட்டில் வாழும் நுண்ணுயிர்களுடையவை.

இரண்டிலும் சூடு ஒன்றுதான், அடியில் இருக்கும் குழாய்தான் வேறு. வெந்நீர் ஊற்றில் வழி தாராளமாக இருப்பதால் சூடான நீர் மேலே வந்து, ஆறி, கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கீசரின் குழாயில் எங்கோ ஓர் இடுக்கு இருக்கிறது. மேலே நிற்கும் தண்ணீரின் பாரத்தால், அடியில் உள்ள நீர் கொதிநிலையைத் தாண்டியும் ஆவியாக முடியாமல் கிடக்கும். ஒரு கட்டத்தில் குமிழிகள் இடுக்கில் திரண்டு மேல்நீரைக் கொஞ்சம் வெளியே தள்ளும். பாரம் குறைந்ததும் அடியிலிருப்பது ஒரேயடியாக ஆவியாகும். நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,500 மடங்கு இடம் கேட்கும். அப்புறம் அதை யார் பிடித்து நிறுத்துவது?

இன்னொன்று, சூடே இல்லாத கீசரும் உண்டு. ஜெர்மனியின் ஆண்டர்நாக்கில் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தால் குளிர்ந்த நீர் 50 மீட்டருக்கு மேல் எழுகிறது. நம் சொல்லில் 'வெந்நீர்' இருந்தால் அதைக் 'குளிர்ந்த வெந்நீர் ஊற்று' என்று எழுத வேண்டிவரும். ஆகவே வெந்நீரும் கொதிநீரும் வேண்டாம் என்பது என் கட்சி. விட்டுவிட்டு எழுவதுதான் இதன் அடையாளம். சொல்லில் அது வர வேண்டும்.

பீச்சூற்று பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீச்சாங்குழல் நல்ல சொல்தான், ஆனால் பீச்சுவதற்கு ஒரு கை வேண்டும். வயிற்றுப்போக்கு ஞாபகம் வருகிறது என்று இன்னொருவர் எழுதியதை நான் மறுக்கப் போவதில்லை.

சீறூற்று எனக்கும் பிடித்திருந்தது. யெல்லோஸ்டோனின் கேஸில் கீசரில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஆவி நெடுநேரம் இரைந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குச் 'சீறு' கச்சிதம். சிக்கல் எங்கே என்றால், சீறூர், சீறடி, சீறியாழ் என்று படித்தவர்கள் இதையும் சிறு + ஊற்று என்றே பிரிப்பார்கள். 90 மீட்டருக்கு மேல் எழும் ஸ்டீம்போட் கீசரைச் சின்ன ஊற்று என்று சொல்ல மனம் வருமா?

என் பரிந்துரை: பீறூற்று. பீறு என்றால் கிழி. பீறிடுவது கிழித்துக்கொண்டு வருவது. ரத்தம் பீறிட்டது, அழுகை பீறிட்டது என்று நாள்தோறும் எழுதுகிறோம். ஒலியைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை, எனவே பீச்சூற்றுக்குச் சொன்ன குறை இதற்குப் பொருந்தாது. மேலும் இது வினைத்தொகை: பீறிய ஊற்று, பீறுகின்ற ஊற்று, பீறும் ஊற்று. ஸ்டீம்போட் 1911 முதல் 1961 வரை 50 ஆண்டுகள் பெரிதாக எழவே இல்லை. அப்போதும் அது கீசர்தான். முக்காலத்தையும் உள்ளே வைத்திருக்கும் சொல்தான் இதற்குத் தோது.

> ஊறுவதுதானே ஊற்று? இது ஊறவில்லையே, பாய்கிறதே?

நல்ல கேள்வி. ஆனால் பாய்ந்து முடிந்ததும் அது ஊறத்தான் செய்கிறது. யெல்லோஸ்டோனின் ஓல்டு ஃபெய்த்ஃபுல் கீசர் அருகே போனவர்களுக்குத் தெரியும், அடுத்தது எத்தனை மணிக்கு என்று எழுதி, பத்து நிமிடம் முன்பின் ஆகலாம் என்றும் போட்டிருப்பார்கள். கணக்கு எளிது: போன முறை சீக்கிரம் அடங்கியிருந்தால் குழாய் முழுக்கக் காலியாகவில்லை, ஊறுவதற்கு ஒரு மணி நேரம் போதும். நாலைந்து நிமிடம் நீடித்திருந்தால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கூட்டம், அது முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கும்போதெல்லாம் போனைத் தூக்கும், பிறகு சலிப்போடு இறக்கும். அந்தச் சின்னத் தெறிப்புகள் கழிந்துதான் 30 மீட்டருக்கு மேல் எழும்பும். காற்று நம் பக்கம் அடித்தால் மூக்குக்கண்ணாடியில் துளி விழும், உடனே துடைத்துவிடுங்கள். அதில் சிலிக்கா கரைந்திருக்கிறது, காய்ந்தால் வெள்ளைப் புள்ளி லேசில் போகாது. குழாயின் உட்சுவரில் கவசம்போலப் படிந்து அழுத்தம் கசியாமல் காப்பதும் அதே சிலிக்காதான். பீறல் பாதி, ஊறல் பாதி. இரண்டும் இந்தச் சொல்லில் இருக்கின்றன.

கூட்டுச்சொற்களுக்கும் வளைகிறது: கூம்பு வடிவ மேட்டிலிருந்து எழுவதற்குக் கூம்புப் பீறூற்று, குளத்துக்குள்ளிருந்து எழுவதற்குக் குளப் பீறூற்று, பல பீறூற்றுகள் சேர்ந்த இடத்துக்குப் பீறூற்றுப் படுகை, ஆண்டர்நாக்குக்குக் குளிர்நீர்ப் பீறூற்று.

கட்டுரையில் பனிக்காலத்தில் 'காட்டெருமைகள் கீசரில் குளிர்காய்கின்றன' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மாற்ற வேண்டும். அவை நிற்பது பீறூற்றில் அல்ல, அதைச் சுற்றிய சூடான தரையில். அங்கே பனி குறைவு, புல் எட்டும். வேறு இடத்தில் தலையை இப்படியும் அப்படியும் வீசிப் பனியைத் தள்ளித்தான் மேய வேண்டும். அந்தத் தரைக்கு 'வெதுநிலம்' எனலாமா? சும்மா கிடைக்கும் சுகமும் அல்ல அது: அந்த நிலத்துப் புல்லிலும் நீரிலும் உள்ள சிலிக்காவும் ஃபுளூரைடும் எல்க் மான்களின் பற்களைச் சீக்கிரம் தேய்த்துவிடுகின்றன. காட்டெருமை என்ற பெயரும் இடிக்கிறது. நீலகிரியில் பலரும் அப்படிச் சொல்வது வேறு விலங்கை. இப்போதைக்குப் பைசன் என்றே போடுங்கள், அந்தச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். பைசனுக்கு 23 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியையும் கட்டுரையில் சேருங்கள். செல்ஃபி எடுப்பவர்களுக்கு உதவும்.

முதல் முறை வருமிடத்தில் 'கீசர் எனப்படும் பீறூற்று' என்று எழுதிவிட்டு, அப்புறம் பீறூற்று என்றே போகலாம். ஆவித்துளையில் யாருக்கும் தகராறு இல்லை என்று நினைக்கிறேன். குபுகுபுவென்று கொதிக்கும் சேற்றுக்குழிக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'கொதிசேறு' என்று யோசித்தேன். அது சேற்றைச் சொல்கிறது, குழியைச் சொல்லவில்லை. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.