அடிபட்டும் தரையிறங்கிய போர் விமானங்கள்: பார்த்தவர்கள், கேட்டவர்கள் சொல்லுங்கள்

ஹேங்கர்வாசி
நானே ஆரம்பிக்கிறேன். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் பிரிவில், அதாவது விமானத்தின் உடலையும் இறக்கையையும் பராமரிக்கும் பிரிவில், இருந்தவன். ஒரு நாள் காலை, பயிற்சிக்குக் கிளம்பிய இரட்டை எஞ்சின் விமானம் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தது. வழக்கமான இரைச்சல் இல்லை, ஒரு பக்கம் மட்டும்தான் உறுமல். சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்தபோதே கருகிய இறகு வாடை. காற்று போகும் வாய்க்குள் டார்ச் அடித்தால், முதல் வரிசை பிளேடுகளில் மூன்று நனைந்த அட்டை போல மடங்கிக் கிடந்தன. வலது இறக்கையின் முன்விளிம்பில் ஓர் ஓட்டை, என் கை முழங்கை வரை உள்ளே போனது.

பைலட் ஏணியில் இறங்கி, "ஏதோ தட்டின மாதிரி இருந்துச்சு. எஞ்சின் ஒண்ணு போச்சு, மத்தபடி பெருசா ஒண்ணும் இல்லல்ல?" என்றார். "சார், இங்க வாங்க" என்று ஓட்டையைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்புறம் விமானத்தின் பழுதுப் பதிவேடான ஃபார்ம் 700-இல் எழுதினார், ஒரே வரி: "பறவை மோதியதாகச் சந்தேகம்." இறகு அப்போதும் இறக்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது!

ஒற்றைச்சிறகு
சேதம் எவ்வளவு என்று தெரியாததே சில நேரம் ஆளைக் காப்பாற்றிவிடும். 1983 மே 1, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக்கு மேலே பயிற்சிச் சண்டை. ஸ்கைஹாக் என்ற போர் விமானம் ஒன்று எஃப்-15 போர் விமானத்தின் மீது மோதிவிட்டது. ஸ்கைஹாக் பைலட் எஜெக்ட் ஆகி, அதாவது இருக்கையோடு வெளியே பாய்ந்து, தப்பினார். எஃப்-15-இன் வலது இறக்கையில் உடலை ஒட்டி இரண்டடி மட்டும் மிச்சம்.

ஓட்டிய ஸீவி நெடிவிக்கு அது தெரியாது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து பீய்ச்சியடித்த எரிபொருள் மூட்டமாக மறைத்துவிட்டது. விமானம் சுழன்றது, எஞ்சினுக்குக் கூடுதல் உந்துவிசை தரும் ஆஃப்டர்பர்னரைப் போட்டார், வேகம் ஏற ஏற நிமிர்ந்தது. ரமோன் தளத்தை நெருங்கி வேகத்தைக் குறைத்தால் மறுபடி உருளப் பார்த்தது. வேறு வழியில்லாமல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில், சுமார் 260 நாட் (knot), அதாவது மணிக்குச் சுமார் 480 கி.மீ. வேகத்தில், தரையைத் தொட்டார். தடுப்புக் கம்பியில் மாட்டிய வால்கொக்கி பிய்ந்தே போனது. ஓடுபாதைக் கடைசியில் இருந்த தடுப்பு வலைக்குச் சில மீட்டர் முன்னால் நின்றது. பின்சீட்டில் இருந்த நேவிகேட்டருக்குக் கைகொடுக்கத் திரும்பியபோதுதான் இறக்கை இல்லாததைப் பார்த்தாராம். முன்பே தெரிந்திருந்தால் குதித்திருப்பேன் என்று பிறகு சொன்னார்.

சிமுலேட்டர் கிறுக்கன்
இதை வீட்டில் சிமுலேட்டரில் பதினாறு முறை முயன்றேன். பதினாறு முறையும் மண்ணைக் கவ்வினேன். எனக்குத்தான் இறக்கை போனது தெரியுமே! பயத்தில் கை தானாக வேகத்தைக் குறைத்துவிடும், உடனே உருண்டுவிடும். எஃப்-15-இன் அகலமான உடலே கொஞ்சம் தூக்குவிசை தரும். வால் தட்டுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும், அதை வைத்து உருளலைச் சமாளிக்கலாம். ஆனால் வேகம் இருக்கும் வரைதான் இதெல்லாம்.

பழைய பைலட்
தெரியாததுதான் காப்பாற்றும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்குச் சொல்லித்தந்ததே வேறு. அடிபட்டால், உயரம் இருக்கும்போதே மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, எந்த இடத்தில் கட்டுப்பாடு நழுவுகிறது என்று பார். அதற்குக் கீழே போகாமல் இறங்கு. பக்கத்தில் துணை விமானம் இருந்தால் சுற்றிவந்து பார்க்கச் சொல்.

அமெரிக்க விமானப்படைப் பைலட் கிம் கேம்பெல் தெரிந்தேதான் வந்தார். 2003 ஏப்ரல் 7, பாக்தாத் மேலே அவருடைய ஏ-10 அடிபட்டது (அது தரை இலக்குகளைத் தாக்கும் விமானம், ஃபைட்டரே இல்லை என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்). இறக்கை, வால் தட்டுகளை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்பு இரண்டும் போயின. ஏ-10-இல் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் கம்பிவடங்கள் வழியாகக் கைபலத்தாலேயே ஓட்டலாம். வாலிலும் உடலிலும் நூற்றுக்கணக்கான ஓட்டைகளோடு சுமார் ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டிக் குவைத்தில் இறக்கினார். தோள்பட்டை என்ன பாடுபட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஒற்றைச்சிறகு
சரி சார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1970-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் கட்டுப்பாடு இழந்து சுழன்றபடி விழத் தொடங்கிய எஃப்-106 போர் விமானத்தை என்ன சொல்வீர்கள்? பைலட் எஜெக்ட் ஆனதும் விமானம் தானே நிமிர்ந்து, பனி மூடிய வயலில் வயிற்றால் சறுக்கி இறங்கியது. எரிபொருள் தீரும் வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

பழைய பைலட்
அதைச் சொல்லித்தான் என் மாணவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

சிமுலேட்டர் கிறுக்கன்
ஹேங்கர்வாசி அண்ணே, உங்க விமானம் மறுபடி பறந்ததா?

ஹேங்கர்வாசி
பறந்தது தம்பி. எஞ்சினையும் முன்விளிம்பையும் மாற்றினோம். உள்ளே இரண்டு விலாத்தகடுகளிலும் விரிசல். அவர் எழுதிய அந்த ஒற்றை வரிக்குக் கீழே நாங்கள் எழுதிய பழுது விவரம் மட்டும் இரண்டு பக்கம்.