பழைய எஸ்எஸ்டியைக் கழற்றினால் விண்டோஸ் ஏற மாட்டேன் என்கிறது (கூடவே 4 டிபி டிஸ்க் பாதிதான் தெரிகிறது)

முதல்_அசெம்பிளி:
வணக்கம். முதல் தடவையாக நானே பாகங்கள் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன், ஓடுகிறது, அதுவே பெரிய விஷயம். குழப்பமெல்லாம் டிஸ்க்கில்தான். மொத்தம் நாலு: மதர்போர்டிலேயே மாட்டும் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பழைய மெஷினிலிருந்து எடுத்த, கேபிளில் மாட்டும் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதே மெஷினின் 1 டிபி ஹார்ட் டிஸ்க் (பத்து வருடப் போட்டோ இதில்தான்), புதிதாக வாங்கிய 4 டிபி ஹார்ட் டிஸ்க்.

முந்தாநாள் விண்டோஸை என்விஎம்இயில் போட்டேன், சி டிரைவ் அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் நேற்று பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரை வருகிறது, திரும்ப மாட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறுகிறது. அப்புறம் அந்த 4 டிபியில் 2048 ஜிபிக்குத்தான் பார்ட்டிஷன் போட முடிகிறது, மீதி 1678 ஜிபி கறுப்புப் பட்டையாக நிற்கிறது, அதில் ரைட் கிளிக் செய்தால் எல்லாமே மங்கிக் கிடக்கிறது. டிஸ்க் பழுதா? எதை எதில் வைப்பது, ஒவ்வொன்றையும் எத்தனை துண்டாக்குவது? பழைய மெஷினில் ஒரே டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று நாலாக வெட்டி வைத்திருந்தேன்.

திருப்புளி:
இரண்டுமே டிஸ்க்கின் குற்றம் இல்லை, நிம்மதியாக இருங்கள்.

பூட் ஃபைல்களை வைக்க ஈஎஃப்ஐ என்று ஒரு குட்டிப் பார்ட்டிஷன் வேண்டும், வழக்கமாக 100 எம்பி. வேறு டிஸ்க்கில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலர் புதிதாக ஒன்றைப் போடாமல் அதிலேயே கொண்டுபோய் வைத்துவிடும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. உங்கள் பழைய எஸ்எஸ்டியில் பழைய விண்டோஸின் ஈஎஃப்ஐ இருந்திருக்கிறது. வீடு புது டிஸ்க்கில், சாவி பழைய டிஸ்க்கில். பார்ட்டிஷன்களைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டின் கீழ்ப்பாதியில் பாருங்கள், ஈஎஃப்ஐ என்று போட்ட கட்டம் என்விஎம்இ வரிசையில் இருக்காது.

சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, ஃபேட்32இல் ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, பிசிடிபூட் கட்டளையால் சரிசெய்யவும் வழி இருக்கிறது. ஆனால் இரண்டே நாள் ஆன விண்டோஸுக்கு அந்தப் பாடு எதற்கு? மற்ற மூன்றின் சாட்டா கேபிளையும் பிடுங்கிவிடுங்கள், என்விஎம்இ மட்டும் இருக்கட்டும், அதில் உள்ள எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். மற்றவை அதன் பிறகுதான்.

4 டிபியை முதல்முறை திறந்தபோது எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்டிருக்கும் (பார்ட்டிஷன் பட்டியலை டிஸ்க்கில் எழுதி வைக்கும் பழைய முறையும் புது முறையும்), நீங்கள் பழைய எம்பிஆரைக் கொடுத்துவிட்டீர்கள். அது செக்டர் எண்ணை (செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) 32 பிட்டில் எழுதுகிறது, ஒரு செக்டர் 512 பைட், பெருக்கினால் சரியாக 2048 ஜிபி வரும், அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. உள்ளே ஒன்றும் இல்லை என்றால் போட்ட பார்ட்டிஷனை அழித்துவிட்டு, கறுப்புப் பட்டையில் இல்லை, இடது ஓரத்தில் டிஸ்க் எண் எழுதிய சாம்பல் கட்டத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள், ஜிபிடிக்கு மாற்று என்று இருக்கும். அப்புறமும் 3.63 டிபிதான் காட்டுகிறது என்று திரும்பி வராதீர்கள். தயாரிப்பவர் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024ஆல் போடுகிறது.

பழைய_டவர்:
துண்டு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பேன். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் டியிலிருந்து இக்கு ஒரு ஃபைலை மாற்றினால் முழுவதையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும், படித்து எழுதும் ஹெட் இங்கும் அங்கும் ஓடும். ஒரே பார்ட்டிஷனுக்குள் என்றால் பெயர்ப் பட்டியலில் ஒரு வரிதான் மாறும், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். டிஸ்க் செத்தால் நாலு துண்டும் சேர்ந்தே சாகும். விண்டோஸைத் திரும்பப் போடும்போது சி தனியாக இருந்தால் வசதி என்பார்கள், உண்மைதான், ஆனால் உங்களுக்குத்தான் தனி டிஸ்க்கே இருக்கிறதே.

என்விஎம்இயில் விண்டோஸ், சாஃப்ட்வேர், இப்போது கையில் இருக்கும் வேலை. சாட்டா எஸ்எஸ்டியில் கேம். விநாடிக்கு 550 எம்பி அதற்குத் தாராளம். 4 டிபியில் வீடியோ, போட்டோ. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையும் அங்கே மாற்றலாம், ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்று இருக்கும், ஆனால் முதலில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். நேரே டி டிரைவையே காட்டித் தொலைத்தால் அந்த டிரைவ் முழுக்க டாக்குமெண்ட்ஸ் ஆகிவிடும், அதைப் பிரித்தெடுப்பது பெரும் தலைவலி.

இன்னொன்று, மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நாலு எழுத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, வெளியே தெரியும் விளிம்பில் ஒட்டுங்கள். ஒரு நாள் ஏதோ ஒன்று பழுது என்று சாஃப்ட்வேர் சொல்லும், கேபினெட்டைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

போட்டோ இருக்கும் அந்தப் பழைய டிஸ்க்கை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் (டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் சாஃப்ட்வேர்) பார்த்தீர்களா?

கரிந்த_விரல்:
கேபிள் பற்றி யாரும் சொல்லவில்லையே. பவர் சப்ளை மாடுலராக, அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி இருந்தால் அதன் பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். டிஸ்க் பக்கம் எல்லாம் ஒரே வடிவம், பவர் சப்ளை பக்கம்தான் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், ஆனாலும் அழகாக உள்ளே போய் உட்காரும். சாட்டா பவர் கேபிள் ஒன்று போதவில்லை என்று பழைய பவர் சப்ளையின் கேபிளைச் செருகினேன், பட்டனை அமுக்கியதும் படக்கென்று ஒரு சத்தம், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. இரண்டு டிஸ்க் காலி. ஒன்று பேக்கப், இன்னொன்று எதற்குப் பேக்கப்போ அது.

முதல்_அசெம்பிளி:
எல்லோருக்கும் நன்றி. மூன்றையும் பிடுங்கிவிட்டு விண்டோஸ் போட்டாயிற்று, இப்போது தனியாகவே ஏறுகிறது. ஜிபிடியும் மாற்றினேன். நடுவில் அரை மணி நேரம் 4 டிபியே காணாமல் போய் உயிரை வாங்கியது, மேனுவலைப் புரட்டினால் எம்.2 இடத்தில் (என்விஎம்இ மாட்டும் இடம்) டிஸ்க் இருந்தால் சாட்டா 5, 6 வேலை செய்யாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். கேபிளைத் திரும்ப மாட்டியபோது 5இல் செருகிவிட்டேன். 2க்கு மாற்றியதும் வந்துவிட்டது.

பழைய டிஸ்க் மஞ்சளில் எச்சரிக்கை காட்டுகிறது. சி5 என்ற வரியில் நிறையப் பூஜ்யம், கடைசியில் 8. டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டட்டுமா?

பழைய_டவர்:
வேண்டாம், கை வைக்காதீர்கள். சி5 என்றால் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 8 என்பது பெரும்பாலும் ஒரே ஒரு 4 கேபி கட்டம்தான், ஆனால் செக்டிஸ்க்கை முழு ஸ்கேனுடன் ஓட்டினால் அந்தக் கிழட்டு டிஸ்க்கைத் தலையிலிருந்து கால்வரை சுரண்டும். முதலில் போட்டோவை மட்டும் 4 டிபிக்கு எடுங்கள், வீடியோ, மற்றதெல்லாம் அப்புறம். ஒரு ஃபைல் அடம்பிடித்தால் ஸ்கிப் கொடுத்துவிட்டு மேலே போங்கள். அதன் பிறகு வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி போடுங்கள், பழையதை இனிப் பிரதி என்று எண்ணக் கூடாது.

முதல்_அசெம்பிளி:
முடிந்தது. இரண்டு போட்டோ மட்டும் வரவில்லை, இரண்டுமே மங்கலாக எடுத்தவை. வெளி டிஸ்க்குக்கு இப்போது காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டேன், ஆனால் என்விஎம்இக்கு எங்கே ஒட்டுவது?

திருப்புளி:
அதற்கு வேண்டாம், அது ஒன்றுதானே. அதன் மேல் மாட்டும், சூட்டைக் குறைக்கும் ஹீட்சிங்க் பேடில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.

முதல்_அசெம்பிளி:
…கழற்றப் போகிறேன்.