ஆட்டத்தில் வரும் ஆங்கிலச் சொல் அடுத்த வாரம் வாயில் வரவில்லை

கிராமத்துத் தொடக்கப் பள்ளி. 3, 4, 5 மூன்று வகுப்பும் ஒரே அறையில், ஆசிரியர் நான் ஒருவர்தான். இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலச் சொற்களை விளையாட்டு வழியாகக் கற்றுக்கொடுக்கிறேன்.

சிக்கல் இதுதான். விளையாடும்போது டாண் டாண் என்று பதில் வருகிறது. அடுத்த வாரம் அதே பொருளைக் காட்டிப் பெயர் கேட்டால் வகுப்பே கப்சிப். ஆனால் 'ஃபெதர்' என்று நான் சொன்னால் இறகைச் சட்டென எடுத்து நீட்டுகிறார்கள். கேட்டால் புரிகிறது, தாங்களாகச் சொல்லத்தான் வரவில்லை.

படத்தையும் சொல்லையும் ஜோடி சேர்க்கும் அட்டைகள் செய்தேன். 'லேடர்' அட்டையின் மூலை மடங்கியிருக்கிறது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள், எழுத்தை யார் பார்க்கிறார்கள்! பைக்குள் கைவிட்டுத் தடவிப் பெயர் சொல்வது, பிங்கோ எல்லாம் ஆயிற்று. ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளரின் முறைப்படி கட்டளைக்கு உடலசைவால் பதில் தருவது (குதி, தொடு, திரும்பு) எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அதில் பிள்ளைகள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. பழைய சொற்களை இடைவெளி விட்டு மறுபடி கேட்பதும் நடக்கிறது. வாரத்துக்கு எட்டுச் சொற்கள்தான், அதிகமில்லை.

அப்புறம், புரொஜெக்டர், செல்போன் எதுவும் கிடையாது. அட்டை, கூழாங்கல், குச்சி, சாக்பீஸ் உண்டு.

சொல்லை வாய்விட்டுச் சொன்னால்தான் ஆட்டம் நகரும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முந்திக்கொள்ளவும் முடியாது என்பது மாதிரி எந்த விளையாட்டு உங்கள் வகுப்பில் பலன் தந்தது?